கரப்பான் குழந்தைகளும் மருந்துக்கடைக் களிம்பும்

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு 2023 டிசம்பரில் மணலியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. அதை வெறுங்கையால் அள்ளிய மீனவர்களின் அரிப்பும் தடிப்பும் அன்று செய்தியாயின. ஆனால் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை, காற்றோட்டமில்லாத வீடுகளில் முழங்கை மடிப்பை இரவெல்லாம் சொறிந்துகொண்டிருக்கும் கரப்பான் குழந்தைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எக்சிமா எனப்படும் கரப்பான் ஒட்டுவாரொட்டி அன்று. தோலின் காப்பு அரண் தளர்ந்திருப்பதே அதன் அடிப்படை. அந்தத் தளர்ச்சியைப் பயன்படுத்தி ‘ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ என்னும் பாக்டீரியா அங்கே குடியேறுகிறது. நோயாளிகளில் சுமார் 70 விழுக்காட்டினரின் புண்பட்ட தோலில் இக்கிருமி இருப்பதாக 2016-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கூறுகிறது. இது சுரக்கும் நொதி ஒன்று நரம்புகளை நேரடியாகத் தூண்டி அரிப்பை உண்டாக்குவதை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2023-இல் எலிகளிடம் கண்டறிந்தனர். எனினும் கிருமி குடியிருப்பது வேறு, தொற்று வேறு. சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, தேன்நிறப் பொருக்கு ஆகியவையே தொற்றின் அடையாளங்கள். இந்த வேறுபாட்டை நாம் பொருட்படுத்துவதில்லை.

ஒரு நாள் கூலியை இழந்தால்தான் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையில் நிற்க முடியும். தெருமுனை மருந்துக்கடையிலோ ஐந்தே நிமிடத்தில் களிம்பு கிடைத்துவிடுகிறது. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கொல்லி மூன்றும் ஒரே குழாயில். இரண்டு நாளில் அரிப்பு அடங்குவது ஸ்டீராய்டால். பெயர் கிடைப்பதோ முழுக் கலவைக்கும். நிறுத்தினால் அரிப்பு திரும்புகிறது, மறுபடியும் அதே குழாய். ஒவ்வொரு சுற்றிலும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் கிருமிகள் எஞ்சிப் பெருகுகின்றன.

பிரிட்டனில் 113 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், கடுமையற்ற தொற்றுடைய கரப்பானுக்கு உள்ளே கொடுத்த ஆன்டிபயாடிக்கும் மேலே பூசியதும் குறிப்பிடத்தக்க பயன் எதையும் தரவில்லை. பயனில்லை என்பதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கண்காணிப்பில், மருத்துவமனை மாதிரிகளில் காணப்படும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காதவை. நாளை உண்மையான தொற்று வரும்போது அக்குழந்தைக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக் விற்பனையைப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லும் எச்-1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வெளிப்பூச்சு மருந்துகளுக்கு அதில் விலக்கு! ஸ்டீராய்டுக் களிம்புகளை 2018-இல் மருந்துச்சீட்டு கட்டாயமாக்கும் எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். சீட்டைக் கேட்கும் கடைகள் எத்தனை என்பது வாசகர்களுக்கே தெரியும். கேரளம் 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் மருந்துக்கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கியது. தமிழகமும் அதைச் செய்யலாம். களிம்புகளையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

சோதனை மட்டும் போதாது. கரப்பானுக்கு முதல் மருந்து ஈரப்பதம் காக்கும் பூச்சு. வெண் பாரஃபின் விலை அதிகமில்லை. செக்குத் தேங்காய் எண்ணெயைக் கேலி செய்யவும் தேவையில்லை: அது குழந்தைகளின் கரப்பானைக் கனிம எண்ணெயைவிட நன்றாகத் தணித்ததைப் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் 2014-இல் பதிவுசெய்துள்ளனர். நோய் சீறும் நாட்களில் மருத்துவர் சொல்லும் வீரியத்தில், சொல்லும் நாள்வரை ஸ்டீராய்டு மட்டும் போதும். வடசென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாரஃபின் டப்பா எப்போதும் இருப்பில் இருக்கவும், வாரத்தில் ஒரு மாலையேனும், வேலை முடிந்து வரும் பெற்றோருக்காகத் தோல் மருத்துவர் அங்கே அமரவும் மாநகராட்சி ஏற்பாடு செய்யட்டும்.