ஸ்ரீமான் பாரம்பரியம்

உலகத்திலேயே அதிகமான பாட்டுகளை இயற்றியவர் யார் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவேன்: ஸ்ரீமான் டிரெடிஷனல். ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப் பாடல்கள் அடங்கிய இசைத்தட்டு ஏதாவது கைக்குக் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில், அதைச் செய்தவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அடைப்புக்குறிக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். காதல் பாட்டும் அவர்தான் எழுதினார், தாலாட்டும் அவர்தான், கப்பலேறிப் போன பிள்ளைக்காகத் தாய் வைக்கிற ஒப்பாரியும் அவர்தான். எந்த ஊர்க்காரர், என்ன தொழில் செய்தார், பிள்ளைகுட்டி உண்டா என்று யாருக்கும் தெரியாது. ராயல்டி கேட்டுக் கடிதம் எழுதமாட்டார். இப்படி ஓர் எழுத்தாளர் அகப்பட்டால் நம்முடைய பதிப்பாளர்கள் என்னைப் போன்றவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இந்த ஸ்ரீமான் பாரம்பரியத்தின் மீது எனக்குப் பலமான சந்தேகம் உண்டு. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரோ பிழைக்கிறார்கள் என்பது என் கட்சி.

இந்தச் சங்கீதத்தில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். நல்ல ரஸிகர். அவரிடம் இதைச் சொன்னால் கோபம் வந்துவிடும். "நாட்டுப் பாடலுக்கு ஆசிரியன் கிடையாதய்யா! அது புல் மாதிரி தானாக முளைத்தது. ஜன சமூகத்தின் சொத்து. கிராமபோனும் ரேடியோவும் வந்து அதைக் கொன்றுபோட்டன. அதற்கு முந்தியே காதில் விழுந்ததைப் பாடுகிறாளே ஒரு கிழவி, அவள் பாடுவதுதான் அசல். மற்றதெல்லாம் கலப்படம்" என்பார். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. உண்மை இல்லாததோடு, ஏழை மனிதர்களின் வயிற்றிலும் அடிக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மார்கரெட் பாரி என்று ஓர் அம்மாள். 1917-ல் கார்க் நகரத்தில் பிறந்தவர். டிராவலர் என்று சொல்லப்படுகிற நாடோடி ஜனங்களைச் சேர்ந்தவர். சின்ன வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, சைக்கிளில் ஊர் ஊராகப் போய், சந்தைகளிலும் பந்தாட்ட மைதான வாசல்களிலும் பாஞ்சோவை மீட்டிப் பாடிக் காசு வாங்கியவர். 1951-ல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு அயர்லாந்துக்கு வந்தபோது அவரைப் பதிவு செய்தார். பின்னால் லண்டனில் கேம்டன் டவுன் மதுக்கடைகளில் மைக்கேல் கோர்மன் என்ற ஸ்லைகோக்காரரின் பிடிலோடு அவர் பாடியதைக் கேட்கக் கூட்டம் கூடிற்று. தெருவைக் கிழித்துக்கொண்டு போகிற குரல். என் நண்பர் கேட்கிற அசலுக்கு இதைவிட அசல் கிடைக்காது.

அந்த அம்மாளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு 'ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்'. அதை எங்கே கற்றுக்கொண்டார்? பாட்டியிடமா, கூடாரத்து நெருப்போரத்திலா? இல்லை. ஜான் மெக்கார்மாக் பாடிய கிராமபோன் பிளேட்டிலிருந்து! மெக்கார்மாக் இத்தாலிய ஓபெராக்கள் பாடிக் கீர்த்தி பெற்ற டெனர் பாடகர். சரி, அவராவது அதைக் கிழவியிடம் கேட்டாரா என்றால் அதுவும் இல்லை. 1909-ல் ஹெர்பர்ட் ஹியூஸ் என்பவர் அச்சிட்ட பாட்டுப் புஸ்தகத்தில் வந்தது அது. மெட்டு டோனகால் ஜில்லாவில் கிடைத்த பழைய மெட்டு. வார்த்தைகளில் பெரும் பகுதி பாட்ரிக் கொலம் என்ற கவிஞர் எழுதியது. பழையதில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தாமே கட்டினார்.

ஆக, ஊர்ப்புறத்து மெட்டு பட்டணத்துக் கவிஞரிடம் போயிற்று, அவரிடமிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து ஓபெராப் பாடகருக்கு, அவரிடமிருந்து பிளேட்டுக்கு, பிளேட்டிலிருந்து தெருப் பாடகிக்கு, தெருவிலிருந்து லோமாக்ஸின் நாடாவுக்கு. அப்புறம் 1988-ல் வான் மாரிஸன் சீஃப்டன்ஸ் குழுவோடு சேர்ந்து பாடியதுவரை எத்தனையோ தட்டுகள். இதில் எந்த இடத்தில் பாட்டு செத்துப்போயிற்று? எந்த இடத்தில் கத்தி வைத்து அசல் இந்தப் பக்கம், கலப்படம் அந்தப் பக்கம் என்று அறுப்பது? கிராமபோனைக் கழித்துவிட்டால் மார்கரெட் பாரியும் அல்லவா கழிந்துபோகிறார்!

கிராமபோன் கொன்றது என்கிறார்களே, அதன் கதையையும் கேளுங்கள். அயர்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய்க் கூலி வேலை செய்தார்கள். அவர்களுக்கு ஊர் ஞாபகம் வந்தால் வாங்கிக் கேட்க அவர்கள் ஊர் வாத்தியம் பிளேட்டில் கிடையாது. நியூயார்க்கில் எல்லன் ஓ'பர்ன் டிவிட் என்ற அம்மாள் கடை வைத்திருந்தார். 1916-ல் அவர் கொலம்பியா கம்பெனியிடம் போய், எங்கள் ஆட்கள் வாசிப்பதைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டார். ஐந்நூறு பிளேட்டுகளை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் கம்பெனி அசைந்தது. ஓர் அக்கார்டியன், ஒரு பாஞ்சோ, அவ்வளவுதான் வாத்தியம். ஐந்நூறும் விற்றுத் தீர்ந்தது. நாட்டுப் பாடலின் கழுத்தை நெரித்த ராக்ஷஸி என்று அந்த அம்மாளைச் சொல்லச் சொல்கிறீர்களா?

அதற்குப் பிறகு வந்தவர் மைக்கேல் கோல்மன். ஸ்லைகோ ஜில்லாவில் கில்லவில் என்ற கிராமத்துக்காரர். 1914-ல் அமெரிக்கா போனவர். 1920-களில் நியூயார்க்கில் அவர் வாசித்த பிடில் பிளேட்டுகள் கடல் கடந்து அயர்லாந்துக் குடிசைகளுக்குத் திரும்பி வந்தன. பிளேட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம்தான் கொள்ளும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் இரண்டு, மூன்று நடன மெட்டுகளைக் கோத்து வாசித்தார். 1934-ல் 'டார்போல்ட்டன்' என்ற மெட்டில் ஆரம்பித்து வேறு இரண்டைச் சேர்த்தார். இன்றைக்கும் பிடில்காரர்கள் கூடுகிற இடத்தில் ஒருவர் டார்போல்ட்டனை எடுத்தால் மற்ற இரண்டும் அதே வரிசையில் தொடர்ந்து வருகின்றன! டார்போல்ட்டன் என்பது ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்தின் பெயர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் பெயருள்ள மெட்டை நியூயார்க்கில் ஓர் அயர்லாந்துக்காரர் வாசித்து, கம்பெனிக்காரனின் மூன்று நிமிஷக் கணக்கால் ஏற்பட்ட வரிசைக்குத்தான் இன்று பாரம்பரியம் என்று பெயர். (அந்தப் பிளேட்டுகள் சிலவற்றில் பியானோ வாசித்த புண்ணியவான்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும்.)

கோல்மனின் பிளேட்டால் நஷ்டமே இல்லை என்று சாதிக்கமாட்டேன். ஸ்லைகோ பாணி எங்கும் பரவி, மற்ற ஜில்லாக்காரர்கள் தங்கள் வாசிப்பைப் பற்றியே வெட்கப்படும்படி ஆயிற்று. வாஸ்தவம். ஆனால் கெர்ரி ஜில்லா எல்லையில் பாட்ரிக் ஓ'கீஃப் என்ற பழைய பிடில் வாத்தியார் வாசித்தது இன்று நமக்கு எப்படிக் கேட்கிறது? 1940-களின் பிற்பகுதியில் ஷேமஸ் என்னிஸ் பதிவு செய்து வைத்ததால்தான். முள்ளும் இயந்திரம்தான், முள்ளை எடுத்ததும் இயந்திரம்தான்.

இனி, சொத்து விஷயம். ஜன சமூகத்தின் சொத்து என்கிறாரே நண்பர், சமூகத்துக்கு எங்கே இருக்கிறது தொண்டை? ஒரு பாட்டை ஒரு சமயத்தில் ஒருவர்தான் பாடுகிறார். ஓர் இடத்தில் மாற்றுகிறார். 'வைல்ட் மௌண்டன் தைம்' என்ற பாட்டைப் பாடாத நாட்டுப் பாடகர் ஸ்காட்லாந்திலும் இல்லை, அயர்லாந்திலும் இல்லை. எத்தனையோ தட்டுகளில் டிரெடிஷனல் என்று போட்டிருக்கிறார்கள். அதன் வேர் ராபர்ட் டானஹில் எழுதிய பாட்டு. அவர் பெய்ஸ்லி என்ற ஊரில் தறி நெய்தவர், 1810-ல் இறந்துபோனார். இன்று நாம் கேட்கிற உருவத்தைக் கொடுத்தது பெல்ஃபாஸ்ட் நகரத்து மக்பீக் குடும்பம். 1950-களில் அவர்கள் பாடியது பதிவாயிற்று; அதிலிருந்துதான் உலகம் கற்றுக்கொண்டது. ஒரு நெசவாளர், ஒரு குடும்பம். இருவருக்கும் விலாசம் இருக்கிறது. விலாசம் இருப்பவர்களை அநாமதேயம் ஆக்குவதற்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. பழம்பாட்டுக்குப் புதிதாக வாத்தியம் சேர்த்துப் பதிவு செய்கிறவர், 'டிரெடிஷனல்' என்பதற்குப் பக்கத்தில் 'அமைப்பு: இன்னார்' என்று தம் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு உரிமைத் தொகை உண்டு. உழைத்தவருக்குக் கூலி, எனக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் அந்தப் பாட்டை நாற்பது வருஷம் வாயில் வைத்துக் காப்பாற்றி, யாரோ ஒரு மைக்கின் முன்னால் உட்கார்ந்து பாடிக் கொடுத்தவருக்கு? அவர் சமூகமாகிவிட்டார். சமூகத்துக்குச் செக் அனுப்ப முடியாதே! நான் எழுதிய கதையை ஒருவன் எடுத்து, நாலு வரி சேர்த்து, 'பழங்கதை. அமைப்பு: இன்னார்' என்று போட்டால் நான் சும்மா இருப்பேனா?

நம்மிடமே பாருங்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதர் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் செய்து வைத்தார். நோட்டுஸ்வரம் என்கிறோம். ஸ்காட்டிஷ், ஐரிஷ் நடன மெட்டுகளும் அவற்றில் உண்டென்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். தீக்ஷிதர் க்ருதி என்று சொல்ல நமக்கு மறப்பதில்லை. மெட்டைக் கொண்டு வந்த பாண்டுக்காரனின் பெயர்தான் தெரியாமல் போயிற்று. பெரியவர்களுக்குப் பெயர், சின்னவர்களுக்குப் பாரம்பரியம். எந்தத் தேசத்திலும் வழக்கம் இதுதான் போலிருக்கிறது.

ஸ்காட்லாந்தில் இந்தச் சின்னவர்கள் யார்? தகர வேலை செய்து, ஊருக்கு வெளியே கூடாரம் அடித்து, பழம் பறிக்கும் பருவத்தில் பிளேர்கௌரி தோட்டங்களுக்குக் கூலிக்குப் போன டிராவலர்கள். போலீஸ்காரர்கள் விரட்டுவார்கள், ஊரார் முகம் சுளிப்பார்கள். 1951-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி ஆரம்பித்தார்கள். அதைச் சேர்ந்த ஹேமிஷ் ஹென்டர்ஸன் 1953-ல் அபர்டீன் நகரத்தில் ஜீனி ராபர்ட்ஸன் என்ற டிராவலர் அம்மாளின் வீட்டுக் கதவைத் தட்டினார். புஸ்தகத்தில் மட்டும் இருப்பதாகப் பண்டிதர்கள் நினைத்திருந்த நெடும்பாட்டுகள் அந்த அம்மாளிடம் முழுசாக, உயிரோடு இருந்தன. 1968-ல் சர்க்கார் அவருக்கு விருது கொடுத்தது. ஹென்டர்ஸன் பெரியவர் என்று நான் சொல்வது பாட்டைக் கண்டுபிடித்ததற்காக மட்டும் அல்ல. 'ஒரு நாடோடிப் பெண் பாடியது' என்று எழுதிவிட்டுப் போகாமல் ஜீனி ராபர்ட்ஸன் என்று எழுதினாரே, அதற்காக. பெயரோடும் ஊரோடும் எழுதி வைத்த அந்தப் பதிவுகள் பலவற்றை 2010 முதல் யார் வேண்டுமானாலும் வலைத்தளத்தில் கேட்கலாம்.

இப்போது கலப்படத்துக்கு வருகிறேன். மார்ட்டின் பென்னெட் என்ற ஸ்காட்லாந்து இளைஞர். பைப்பும் பிடிலும் வாசித்தவர். புற்றுநோய் வந்து, வாத்தியம் வாசிக்க உடம்பில் தெம்பில்லாத காலத்தில், பழைய பதிவுகளிலிருந்த குரல்களை எடுத்து, நடனக் கிடங்குகளில் முழங்குகிற மின்சாரத் தாளத்தோடு சேர்த்து 2003-ல் 'க்ரிட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். 2005-ல், முப்பத்து மூன்று வயதில், இறந்துபோனார். என் நண்பர் அந்தத் தட்டை ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். நான் பொத்திக்கொள்ளவில்லை. அதில் ஷீலா ஸ்டூவர்ட் என்ற டிராவலர் அம்மாளின் குரல் வருகிறது. கிளம்பு, இடத்தைக் காலி பண்ணு என்று தன் ஜனங்களை விரட்டுகிறவர்களைப் பற்றிய பாட்டு. எழுதியவர் டிராவலர் அல்ல; ஈவன் மக்கால். 1964-ல் பி.பி.சி.க்காக டிராவலர்களின் பேச்சையே பதிவு செய்து, அவர்கள் சொன்னதிலிருந்து செய்த பாட்டு. அவர்களிடமிருந்து போய், அவர்களிடமே திரும்பி வந்து, ஷீலா ஸ்டூவர்ட் பாடுகையில் அவர் பாட்டாகவே ஆகிவிட்டது. அதன் அடியில் பென்னெட் வைத்திருக்கிற தாளம், ராத்திரியில் கூடாரத்தை உதைக்கிற பூட்ஸ் காலாக எனக்குக் கேட்கிறது. பென்னெட் இன்னொன்றும் செய்தார். யார் யாருடைய குரல்கள் என்று பெயர் சொன்னார். மெழுகுவர்த்தி ஏற்றி, கிதார்கூட இல்லாமல் 'சுத்தமாக'ப் பாடிவிட்டு, டிரெடிஷனல் என்று போட்டுக்கொண்டு போகிறவரைவிட இவர் எனக்குப் பத்து மடங்கு பாரம்பரியஸ்தர்.

பெயர் போட்டால் வேலி போட்டதாகிவிடும், அப்புறம் யாரும் பாட முடியாது என்று ஒரு வாதம் வரும். வேலி போடச் சொல்லவில்லை. பாடட்டும், மாற்றட்டும், மின்சாரம் பாய்ச்சட்டும். 'இன்னாரிடம் கேட்டது' என்று ஒரு வரி அச்சிட்டால் எத்தனை மை செலவாகும்? அந்த ஜனங்கள் தங்களுக்குள் ஒருபோதும் பெயரை விட்டதில்லை. அயர்லாந்தில் பிடில்காரர்கள் கூடி வாசிக்கும்போது, இது யாருடைய மெட்டு என்றுதான் கேட்கிறார்கள். எட் ரீவி என்று ஒருவர், கேவன் ஜில்லாவிலிருந்து பிலடெல்பியாவுக்குப் போய்க் குழாய் ரிப்பேர் வேலை செய்தவர். அவர் செய்த மெட்டுகளை இன்று பழம் மெட்டுகள் என்றே பலர் நினைக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் ரீவியுடையது என்று திருத்துவார்கள். கால்வே ஜில்லாவில் பாடி ஃபேஹி என்று ஒரு பிடில்காரர், 2019-ல் காலமானார். எத்தனையோ மெட்டுகள் செய்தவர். ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை, விற்பனைக்கென்று தட்டும் போடவில்லை. மற்றவர்கள் அவற்றை வாசித்துப் பதிவு செய்தபோது என்ன பெயர் வைப்பது என்று பார்த்தார்கள். 'பாடி ஃபேஹியுடையது' என்று போட்டார்கள். அடுத்த மெட்டுக்கும் அதேதான். அதற்கடுத்ததற்கும் அதேதான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் குழப்பம் வந்தபோது, நம்பர் போட்டுக்கொண்டார்கள்.