பந்தும் ஈர்க்கும்

விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் பொழுதை எவ்வாறு போக்குவது என்பது அன்னையர் பலரையும் வாட்டும் வினாவாகும். பள்ளி செல்லாத இளஞ்சிறார் வீட்டிலிருப்பின் கேட்கவே வேண்டியதில்லை. அவர்தம் கை சும்மா இராது. ஒன்றை எடுக்கும், ஒன்றை உடைக்கும், ஒன்றை வாயிலிடும். அக்கைக்குத் தக்க வேலை கொடுத்துவிட்டால் வீட்டிலும் அமைதி உண்டாகும். பிள்ளையின் அறிவும் வளரும். ஆதலின் மூன்று வயது தொடக்கம் ஏழு வயது வரையுள்ள சிறார் செய்யத்தக்க பந்து வேலைகள் சிலவற்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

கடைகளில் ரெஜிபோம் என வழங்கும் வெண்ணிறப் பந்துகள் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. அவை பாரமற்றவை; குச்சியை அழுத்தினால் உள்ளே செல்லும்; செருகிய குச்சி அசையாது நிற்கும். சிறு விரல்களுக்கு இவ்வளவும் போதும். ஆயினும், பந்தையும் குச்சியையும் கொண்டு உருவம் அமைக்கும் வித்தை ரெஜிபோமோடு பிறந்ததன்று. ஜெர்மனி நாட்டுக் கல்வியறிஞர் பிரெட்ரிக் புரோபெல் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிற் சிறுவர்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840இல், 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை அதற்குச் சூட்டினார். குழந்தைக்கு முதற் கொடையாக அவர் வகுத்தவை கம்பளி நூலாலான ஆறு வண்ணப் பந்துகள். சற்று வளர்ந்த பிள்ளைகள் ஊறவைத்த பட்டாணியையும் மெல்லிய குச்சிகளையும் இணைத்துப் பல்வேறு உருவங்களைக் கட்டுவதும் அவருடைய முறையில் ஒரு பாடமாகும்.

நம்மவரிடத்தும் இவ்வித்தை உண்டு. தென்னையின் கீழ் உதிர்ந்து கிடக்கும் குரும்பட்டியையும் ஓலையிற் கிழித்த ஈர்க்கையும் கொண்டு தேர் செய்து இழுத்துத் திரிந்த பாட்டனாரும் பாட்டியாரும் இன்றும் நம் வீடுகளில் உள்ளனர். புரோபெலின் பட்டாணிக்கும் நமது குரும்பட்டிக்கும் தொழில் ஒன்றே. உருண்டையானதைத் துளைத்தல், துளைத்ததை இணைத்தல், இணைத்ததை நிறுத்தல் என்னும் மூன்றையும் பிள்ளை தன் விரலாலேயே கற்றுக்கொள்கின்றது.

எதைப் பிள்ளையின் கையிற் கொடுப்பது என்ற வினாவுக்கு விடை காண, பனிச்சங்கேணியை எண்ணிப் பார்ப்போம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் கரையோர வீதியில், வாகரையை அடுத்துள்ள ஊர் அது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. ஊரின் பெயரிலேயே பனிச்சை மரம் நிற்கின்றது. பருத்தி நூல் வலைகள் இருந்த காலத்தில், பனிச்சங்காயின் துவர்ப்புச் சாறு வலைக்குச் சாயமாயிற்று. அதன் பிசின் தோணியின் பொருத்துகளை அடைக்க உதவிற்று. அக்காலத்திற் களப்பில் விழுந்தவை பெரும்பாலும் மக்கி மறைந்தன. ரெஜிபோம் அவ்வாறன்று. அது மக்காது, உதிர்ந்து சிறு மணிகளாகும், காற்றில் பறக்கும், நீரில் மிதக்கும். இரையென மயங்கி மீனும் பறவையும் அதனை விழுங்கும். இலங்கையில் ரெஜிபோம் உணவுப் பெட்டிகள் 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் முதல் தடைசெய்யப்பட்டன. ஆனால், வீட்டு முற்றத்திற் சிந்தும் மணிகளை வீட்டாரே தடுக்கவேண்டும். எனவே, குரும்பட்டி கிடைக்கும் இடத்திற் குரும்பட்டியே முதற்றரமானது என்பது நம் கருத்து. ரெஜிபோம் பந்து ஏற்கெனவே வீட்டிலிருப்பின், அதனை எறிந்துவிடாது பல முறை பயன்படுத்துக. கீழ்வரும் மூன்று உருவங்களையும் இரண்டாலும் செய்யலாம்.

கம்பளிப்புழு: சிறிதும் பெரிதுமாக ஐந்து பந்துகளை எடுத்து, அளவின்படி வரிசையாக அடுக்கப் பிள்ளையிடம் சொல்லுக. பின்னர் நீண்ட ஈர்க்கொன்றில் அவற்றைக் கோக்கச் செய்க. பெரிய பந்து தலையாகும். அதன் மேல் இரண்டு சிறு ஈர்க்குத் துண்டுகளைச் செருகினால் உணர்கொம்புகள் அமையும்.

களப்பு நண்டு: பந்தொன்றைப் பெரியவர் இரண்டாக வெட்டித் தருக. தட்டையான பக்கம் கீழே இருக்கவேண்டும். பக்கத்திற்கு ஐந்தாக ஈர்க்குத் துண்டுகளைச் செருகுக. முன்னுள்ள இரண்டின் நுனியிலும் தடித்த கடதாசியில் வெட்டிய கொடுக்கை ஒட்டுக. கண்களுக்கு இரண்டு கராம்பு போதும். நண்டின் கண் போலவே காம்போடு நிமிர்ந்து நிற்கும். நண்டுக்குக் கால் பத்து என்பதைப் பிள்ளை இனி மறவாது.

தேர்: பெரிய குரும்பட்டி ஒன்றின் முன்னும் பின்னும் குறுக்காக இரண்டு ஈர்க்குகளைச் செலுத்துக. அவற்றின் நான்கு முனைகளிலும் ஒத்த அளவுள்ள சிறு குரும்பட்டிகளைச் செருகினாற் சில்லுகளாகும். துளை சற்றுப் பெரிதாயின் சில்லு சுழலும். நடுவில் ஓர் ஈர்க்கை நிறுத்தி, அதன் உச்சியில் ஒரு பூவைக் குத்துக. முன்புறம் நூல் கட்டினால் தேர் ஓடும்.

இனிக் கவனிக்கவேண்டியவை. மூன்று வயதிற்குட்பட்ட பிள்ளையிடம் 4.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த குறுக்களவுள்ள பந்தைக் கொடுத்தல் ஆகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கராம்பு போன்ற சிறு பொருள்களையும் அப்பிள்ளைக்கு எட்டாது வைக்க. குரும்பட்டியின் முதற் துளையைப் பெரியவர் ஆணியாற் போட்டுக் கொடுக்க. ஈர்க்கின் கூர்முனையை நறுக்கிவிடுக. ரெஜிபோமுக்கு நீரிற் கரையும் வண்ணமும் கோதுமை மாப் பசையுமே ஏற்றவை. பெற்றோல் போன்ற கரைப்பான் கலந்த பசையும் விசிறு சாயமும் அதனை உருக்கிவிடும். வெட்டும்போது பழைய சேலையொன்றை விரித்து, உதிர்ந்த மணிகளை ஒன்றுவிடாது சேர்த்தெடுக்க. எக்காரணங் கொண்டும் அதனை எரித்தலாகாது, அப்புகை நஞ்சு.

மற்றொன்றும் உண்டு. பிள்ளை செய்யும் நண்டின் கால் முதுகில் முளைக்கலாம்; தேர் ஒருபுறம் சாயலாம். அதைத் திருத்தும் ஆசையில் அன்னையே முழுவதையும் செய்து முடித்துவிட்டால், அழகான பொம்மை கிடைக்கும். பிள்ளைக்கோ ஒன்றும் கிடையாது. கோணலாயினும் தன் கை செய்தது என்ற பெருமை அதற்கு வேண்டும்.

இவ்வேலையின் அருமையை மட்டக்களப்பு மண் நன்கறியும். போரினால் மனம் நொந்த சிறாருக்கென 1996ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா தொடங்கப்பெற்றது. இயேசு சபைத் துறவியாகிய போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதனைத் தோற்றுவித்தோர். மண்ணும் வண்ணமும் கதையும் அங்கே மருந்தாயின. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வாகரைக் கரையையும் தாக்கியது. போரும் அலையும் கண்ட கரையில், பெரியவர் ஒருவர் அருகிருக்கப் பிள்ளை அச்சமின்றி ஒன்றைச் செய்து மகிழும் ஒரு மணி நேரம் சிறிய பேறன்று. எவ்வூர்ப் பிள்ளைக்கும் அது வேண்டற்பாலதே.

பணச் செலவில்லை, உதிர்ந்த குரும்பட்டியும் ஓர் ஓலையுமே தேவை. விளையாடி முடிந்தபின் வாடிய தேரை வாழையடியிற் போட்டால் அதுவே உரமாகும். வரும் ஞாயிறு மாலை வானொலியைச் சற்றே நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு முற்றத்தில் அமர்ந்து பாருங்கள். பாட்டனாரையும் அழைத்துக்கொள்ளுங்கள், தேர் கட்டும் நுட்பம் நம்மிலும் அவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.