பழைய ரிமோட் கார், புது எலெக்ட்ரானிக்ஸ் - எங்கே நிறுத்துவது?

ரிமோட் கார் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது, பொருட்காட்சியில் வாங்கி, இரண்டாம் நாள் சக்கரம் கழன்று, மூன்றாம் நாள் பரணுக்குப் போன பொம்மை தான். இந்தக் கட்டுரை அதைப் பற்றி அல்ல. பரணில் நாற்பது வருடம் கிடந்தாலும், இறக்கித் துடைத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தால் மறுபடி ஓடக்கூடிய வேறு வகைக் காரைப் பற்றியது.

ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1976ல் தன் முதல் ரேடியோ காரை வெளியிட்டது. நிஜக் காரில் 12ல் ஒரு பங்கு அளவுள்ள போர்ஷே 934. அதற்குப் பின் வந்த தமியா கார்களில் மிகவும் பெயர் வாங்கியவற்றுள் ஒன்று 1984ல் வந்த 'ஹார்னெட்'. ஹார்னெட் என்றால் குளவி. கறுப்பு உடல், உள்ளே ஹெல்மெட் போட்ட ஒரு பொம்மை ஓட்டுநர், பின் டயர்கள் முழுக்க முட்கள். மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த பந்தயக் கார். கடையில் காசு கொடுத்தால் கார் கிடைக்காது. ஒரு பெட்டி நிறைய பாகங்களும் ஒரு கையேடும் தான் கிடைக்கும். கட்டிக் கொள்வது வாங்கியவன் பாடு.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அன்று அதைக் கட்டிய பையன்களுக்கு இன்று ஐம்பது வயது. வீடு மாறும் போதோ, அப்பாவின் சாமான்களைப் பிரிக்கும் போதோ அந்தப் பெட்டி மறுபடி கைக்கு வருகிறது. பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். ரேடியோ செத்திருக்கும். டயரில் வெடிப்பு. ஆனால் காரின் உடம்பு அப்படியே இருக்கும். சரி, இதை மறுபடி ஓட வைக்க இன்றைய எலெக்ட்ரானிக்ஸைப் பொருத்தலாமா? எவ்வளவு பொருத்தலாம்?

இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "எதையும் தொடாதே, கண்ணாடி அலமாரியில் வை" என்கிறது. இன்னொரு கட்சி, "பழைய மோட்டாரைக் கழற்றி வீசு, புது பிரஷ்லெஸ் மோட்டாரைப் போடு, பறக்கும் பார்" என்கிறது. இரண்டும் தவறு. காரைக் காப்பாற்றுகிற எலெக்ட்ரானிக்ஸைத் தாராளமாகப் பொருத்தலாம். காரை வேறொன்றாக மாற்றுகிற எலெக்ட்ரானிக்ஸைப் பொருத்தக் கூடாது. இந்த வித்தியாசம் புரிய, அந்தக் கார் அன்று எப்படி ஓடியது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பழைய ஏற்பாடு

இன்றைய ரிமோட் காரில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது டிரான்சிஸ்டர்கள். 1984ல் அந்த வேலையைச் செய்தது ஒரு கை! சர்வோ என்கிற சின்ன மோட்டார் ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோலின் நுனியில் இருக்கும் உலோகம் செப்புத் தகடுகளின் மேல் நகரும். முதல் இரண்டு நிலைகளில் மின்சாரம் ஒரு மின்தடை வழியாகப் போகும். அதனால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மூன்றாவது நிலையில் நேரடியாகப் போகும், முழு வேகம். மொத்தம் மூன்றே வேகம் தான். மெதுவாகப் போகும் போது மிச்சமாகும் சக்தி பேட்டரியில் தங்காது. மின்தடையில் சூடாக வீணாகும். தொட்டால் விரல் பொத்துப் போகும்.

செப்புத் தகட்டில் ஒவ்வொரு முறையும் சின்னதாகப் பொறி பறக்கும். நாளாக ஆகத் தகடு கருகும். இதை விட மோசமான குறை ஒன்று உண்டு. அந்தக் காலக் கார்கள் பலவற்றில் ரிசீவருக்கென்று தனியாக நான்கு பென்சில் பேட்டரி இருக்கும். கார் முழு வேகத்தில் போகும் போது அவை தீர்ந்தாலோ, சிக்னல் விட்டுப் போனாலோ, சர்வோ இருந்த இடத்திலேயே நின்று விடும். மோட்டாருக்கு அது தெரியாது. கார் சுவரில் மோதும் வரை, அல்லது பெரிய பேட்டரி தீரும் வரை, முழு வேகத்தில் போய்க் கொண்டே இருக்கும். அந்தக் கார்களை வைத்திருந்தவர்களில் காரின் பின்னால் கத்திக் கொண்டு ஓடிய அனுபவம் இல்லாதவர்கள் குறைவு.

ரேடியோ எப்போதுமே அடுத்தவன் வீட்டுப் பொருள்

முதலில் ரேடியோ. இங்கே 'தொடாதே' கட்சிக்காரர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். ஹார்னெட் பெட்டிக்குள் ரேடியோவே கிடையாது. ரேடியோ, பேட்டரி, சார்ஜர் மூன்றையும் தனியாக வாங்க வேண்டும். கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதைப் பொருத்து என்பது தான் அந்தக் காரின் மூல ஏற்பாடு. அப்படி இருக்க, இன்று கிடைக்கும் ரேடியோவைப் பொருத்துவது எப்படி மூலத்துக்கு விரோதமாகும்?

அன்றைய ரேடியோக்கள் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்தன. ரேடியோவில் ஒரு படிகம், ரிசீவரில் அதற்கு ஜோடியான படிகம். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறத்தால் அடையாளம். ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே நிறத்தில் ரேடியோவைப் போட்டால், ஒருவன் திருப்ப இன்னொருவன் கார் திரும்பும்! இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தன் ரிசீவரை மட்டுமே அடையாளம் கண்டு பேசும். அதை விட முக்கியம், சிக்னல் போனால் வேகத்தைத் தானாக நிறுத்தும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. அதாவது கார் சுவரில் மோதாது. நாற்பது வயதுப் பிளாஸ்டிக்குக்கு இதை விடப் பெரிய உதவி ஏது?

வேகக் கட்டுப்பாடு கொஞ்சம் சிக்கலான வழக்கு. ஏனென்றால் அந்த நெம்புகோல் ஏற்பாடு பெட்டிக்குள்ளேயே வந்தது; காரின் பாகம் தான். ஆனால் இன்றைய மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதை விட எல்லா விதத்திலும் மேல். சூடாக்கி வீணடிப்பதில்லை. பெரிய பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கும் 5 அல்லது 6 வோல்ட் பிரித்துக் கொடுக்கிறது. பேட்டரி இறங்கும் போது மோட்டாரை முதலில் நிறுத்தி விட்டு, திருப்பும் வசதியை மட்டும் கடைசி வரை காப்பாற்றுகிறது. ஆகவே பொருத்தலாம். ஆனால் கழற்றிய நெம்புகோலையும் தகட்டையும் மின்தடையையும் ஒரு பையில் போட்டு, மேலே எழுதி, அதே பெட்டியில் வைக்க வேண்டும். புதுக் கருவியை ஒட்டுவதற்கு இரட்டைப் பக்க டேப் போதும். துளை போடத் தேவையே இல்லை.

(பழைய சர்வோவைப் புது ரிசீவரில் சொருகுபவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்தக் காலத்தில் எல்லா நிறுவனங்களும் கம்பிகளை ஒரே வரிசையில் வைக்கவில்லை. பிளக் பொருந்துகிறதே என்று சொருகினால் புகை வரும்.)

பேட்டரி - கத்தியை எடுக்கும் இடம்

தவறு பெரும்பாலும் ஆரம்பிப்பது பேட்டரியில் தான். 1984ன் பேட்டரி நிக்கல் காட்மியம். ஆறு உருளை செல்கள், 7.2 வோல்ட், 1200 மில்லி ஆம்பியர் மணி. இன்றைய லித்தியம் பாலிமர் பேட்டரி இரண்டே செல்லில் 7.4 வோல்ட் கொடுக்கும். கொள்ளளவு 4000, 5000 என்று போகும். எடையும் குறைவு. ஆசை வராதா?

ஆனால் ஹார்னெட்டின் அடித்தட்டில் பேட்டரி உட்காரும் இடம் உருளை செல்களின் வளைவுக்குத் தகுந்தபடி வார்க்கப்பட்டது. புது பேட்டரிகளில் பெரும்பாலானவை செங்கல் மாதிரி சதுர மூலை கொண்டவை. உள்ளே போகாது. உடனே என்ன செய்கிறார்கள்? கத்தியை எடுத்து அடித்தட்டைச் செதுக்குகிறார்கள். ஐந்து நிமிஷ வேலை. திரும்பி வராத வேலையும் கூட. இத்தனைக்கும் பழைய வடிவத்திலேயே, உருண்ட விளிம்போடு செய்த லித்தியம் பேட்டரிகள் கிடைக்கின்றன. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி பழைய இடத்தில் அப்படியே உட்காரும். 3000 மில்லி ஆம்பியர் மணி கொடுக்கும். காட்மிய நச்சும் இல்லை. தேடுகிற பொறுமை இல்லாததற்குக் கார் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. லித்தியம் செல் ஏறக்குறைய 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் கெடும், உப்பும். மறுபடி சார்ஜ் செய்யும் போது தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பழைய நெம்புகோல் ஏற்பாட்டுக்கு வோல்ட்டேஜ் என்றால் என்னவென்றே தெரியாது. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். ஆக, பழைய நெம்புகோலையும் லித்தியம் பேட்டரியையும் சேர்த்து வைப்பது தான் இருப்பதிலேயே மோசமான கூட்டணி. லித்தியம் வேண்டுமென்றால், அதற்கேற்ற வெட்டு வசதி உள்ள மின்னணுக் கருவி கட்டாயம் வேண்டும்.

பெரிய பேட்டரியால் வரும், அதிகம் பேசப்படாத தொல்லை ஒன்று: 1200 மில்லி ஆம்பியர் மணி என்றால் கார் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு சார்ஜ் ஏறும் வரை சும்மா இருக்கும். அந்த நேரத்தில் மோட்டார் ஆறும். 5000 போட்டால் மோட்டாருக்கு ஓய்வே இல்லை. கார்பன் பிரஷ் தேய்கிறது, மோட்டார் கொதிக்கிறது. நடுவில் நிறுத்தி ஆற விடத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பெரிய பேட்டரி.

மோட்டார் - இங்கே நிறுத்துங்கள்

ஹார்னெட்டோடு வந்தது 540 வகை மோட்டார். சுமையில்லாமல் சுற்றினால் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 15,000 சுற்று. இன்று சாதாரணமாக விற்கும் பிரஷ்லெஸ் மோட்டாரில் '4000 கேவி' என்று போட்டிருக்கும். (கேவி என்றால் கிலோவோல்ட் அல்ல! ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது.) 7.4 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 29,600. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இழுவிசையும் அதிகம்.

இந்த சக்தி எங்கே போய் விழும்? ஹார்னெட்டின் பின்பக்கத்தில் மோட்டார், கியர்பாக்ஸ், அச்சு மூன்றும் ஒரே கட்டாகச் சேர்ந்து ஏறி இறங்கும். மேட்டில் ஏறினால் அந்த மொத்த எடையும் குதிக்கும். அதனால் தான் அந்தக் கார் தவளை மாதிரி துள்ளித் துள்ளி ஓடும். குறை என்று சொல்லலாம். ஆனால் அந்தத் துள்ளல் தான் ஹார்னெட். அந்தத் துள்ளலை அடக்கி ஓட்டுவது தான் அன்றைய பையன்கள் கற்ற வித்தை. அதன் பிளாஸ்டிக் கியர்பாக்ஸ், மெல்லிய அடித்தட்டு எல்லாம் அந்த 540 மோட்டாரின் பலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அதில் இரண்டு மடங்கு சக்தியை ஏற்றினால், முதல் நாள் கார் மல்லாக்க விழும். அப்புறம் ஒரு நாள் கியரின் பல் போகும்.

பிரஷ்லெஸ் என்ற தொழில்நுட்பத்தின் மேல் குற்றமில்லை. 21.5 சுற்றுக் கம்பி கொண்ட சாதுவான பிரஷ்லெஸ் மோட்டார்களும் உண்டு. அவை பழைய 540 போலவே அடக்கமாக ஓடும். அப்படி ஒன்றைப் போடுகிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் போடுகிறவர்கள் எத்தனை பேர்? வேகத்துக்காகத் தானே மாற்றுகிறார்கள்.

"அவன் கார், அவன் இஷ்டம்"

இப்படி ஒரு எதிர்வாதம் வரும். சட்டப்படி சரி தான். தமியா 2004ல் ஹார்னெட்டை மறுபடி வெளியிட்டது. பாகங்களும் புதிதாகக் கிடைக்கின்றன. உடைந்தால் மாற்றிக் கொள்ளலாமே என்பார்கள். அந்த மறுவெளியீடு தான் இந்த வாதத்துக்குப் பதிலும் கூட. செதுக்க வேண்டுமா, பறக்க விட வேண்டுமா? 2004க்குப் பின் வந்த காரை வாங்கி என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அது கடையில் மறுபடி கிடைக்கும். 1984ன் காரில் உடையும் ஒவ்வொரு பாகத்துக்கும் புதியது போட்டுக் கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது பழைய பெட்டிக்குள் ஒரு புதுக் கார். அதற்கு முதலிலேயே புதுக் காரை வாங்கியிருக்கலாம்.

'தொடாதே' கட்சிக்கும் ஒரு வார்த்தை. ஓடாமல் இருப்பதால் கார் பிழைத்துக் கிடக்காது. அலமாரியிலும் டயர் வெடிக்கும், நைலான் பாகங்கள் ஈரம் காய்ந்து நொறுங்கும். எப்போதாவது வெளியே எடுத்து ஓட்டுகிறவன் தான் அதை முதலில் கவனிப்பான். நைலானை வெந்நீரில் ஊற வைத்துப் பதம் ஏற்றுவான். அலமாரிக்காரருக்குத் தெரிவது கார் உடைந்த பிறகு தான்.

அருங்காட்சியகங்களில் பழம் பொருட்களைப் பழுது பார்ப்பவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: இன்று செய்வதை நாளை இன்னொருவர் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டு வர முடிய வேண்டும். பொம்மைக் காருக்கும் அதுவே போதும். டேப்பை உரித்து, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் 1984 திரும்பி வர வேண்டும். வராது என்றால் அந்த இடத்தில் கையை எடுத்து விட வேண்டும்.

ஐம்பது வயதுக்காரர் அந்தக் காரைச் சரி செய்வது பெரும்பாலும் தனக்காக மட்டும் அல்ல. பக்கத்தில் பத்து வயதில் ஒரு பிள்ளை நிற்கும். அப்பா சின்ன வயதில் ஓட்டிய கார் எப்படி ஓடும் என்று பார்க்கத் தான் அது நிற்கிறது. ரேடியோ புதியதா பழையதா என்று அந்தப் பிள்ளைக்குக் கவலை இல்லை. ஆனால் கார் அன்று போலவே துள்ள வேண்டும். அதை வேறு ஏதோ ஒரு மோட்டாரின் வேகத்தில் ஓட்டிக் காட்டி விட்டு, "இது தான் என் சின்ன வயசுக் கார்" என்று சொன்னால் அது பொய் தானே?