வீட்டுக்குள்ளே ஒரு கொட்டகை!

போன இதழில் அரிசி டிரம்மில் வண்டு வராமலிருக்க வழி சொன்னேன். இந்த முறை சினிமா சமாசாரம்! "இவளுக்கு ஏன் இந்த வேலை?" என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. புரொஜெக்டர் வாங்கிச் சுவரில் படம் பார்ப்பது இப்போது நம்மைப் போன்ற வீடுகளுக்கும் வந்துவிட்டது. நான் வாங்கிவிட்டு முழித்த கதையைக் கேட்டால், உங்களுக்காவது பணம் மிச்சமாகும்.

என் மாமியாருக்கு 78 வயது. சினிமா என்றால் உயிர். முழங்கால் வலியால் தியேட்டர் படி ஏறி ஆறு வருஷமாகிறது. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், அவருக்காக 11,000 ரூபாயில் ஒரு புரொஜெக்டர் வரவழைத்தேன். பிறந்த நாளன்று பிரிக்கலாமென்று பெட்டியைப் பரண்மேல் வைத்தேன். அதுதான் முதல் தப்பு.

அன்று மத்தியானம் ஹால் சுவரில் 100 அங்குலப் படமாக வைத்து, 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' போட்டோம். இந்த 100 அங்குலம் மூலைக்கு மூலை அளப்பது. அகலம் ஏழேகால் அடி, உயரம் நாலடி வரும். படம் பெரிசுதான். ஆனால் முகமே தெரியவில்லை!

"ஏம்மா, மோர்ல தண்ணி ஊத்தின மாதிரில்ல இருக்கு!" என்றார் அத்தை.

"சீட்டுப் பணம் சுவத்துல போச்சு" என்றார் என் கணவர். திருப்பி அனுப்பும் கெடுவும் தாண்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியவன்தான் விளக்கினான். "அம்மா, இந்த மெஷினுக்கு வெளிச்சம்தான் போடத் தெரியும். கறுப்பைப் போடத் தெரியாது. ரூம் எவ்வளவு இருட்டோ, படத்துல கறுப்பும் அவ்வளவுதான்."

எவ்வளவு எளிய விஷயம்! ஜன்னல் வெளிச்சம் விழுந்த வெள்ளைச் சுவரில் கறுப்பு எங்கிருந்து வரும்? ஹாலை விட்டுவிட்டு, ஒரே ஜன்னல் உள்ள பின்கட்டு அறைக்குப் போனோம். ஜன்னலுக்குக் கெட்டியான கருநீலத் திரை தைத்தேன். மெஷினைப் பத்தடியிலிருந்து ஆறடிக்கு நகர்த்தினோம். படம் 60 அங்குலமானது. அதே வெளிச்சம் சின்ன இடத்தில் விழவே, ஏறக்குறைய மூன்று பங்கு பளிச்சென்று ஆகிவிட்டது. அதே மெஷின்தான்!

நான் கற்றுக்கொண்டவை இதோ:

* பெட்டியில் வெறும் 'லூமன்' என்று எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும் மயங்காதீர்கள். 'ஆன்சி லூமன்' அல்லது 'ஐ.எஸ்.ஓ. லூமன்' எவ்வளவு என்று கேளுங்கள். வந்த அன்றே பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

* வாங்குமுன் டேப்பால் அறையை அளங்கள். 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். படத்தின் அகலத்தை அதால் பெருக்கினால், மெஷினைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டுமென்று தெரியும்.

* பெட்ஷீட் கட்டினால் கொஞ்சம் வெளிச்சம் துணி வழியே பின்னால் போய்விடும், சுருக்கமும் தெரியும். பட்டி பார்த்து, பளபளப்பில்லாத வெள்ளை அடித்த சுவரே போதும்.

* மெஷினைச் சுவருக்கு நேராக வையுங்கள். கோணலாக வைத்துவிட்டுப் பட்டனால் சரிசெய்தால் படத்தின் தெளிவு குறையும்.

* மெஷினிலேயே உள்ள ஸ்பீக்கரில் பேச்சு முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். தனி ஸ்பீக்கரைப் படத்துக்குக் கீழே வைத்து ஒயரால் இணையுங்கள்.

* காற்றுப் போகும் துளைகளை மூடாதீர்கள். தூசி வடிகட்டி இருந்தால் அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள். குழந்தைகள் லென்சுக்குள் உற்றுப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கெடுதல்.

இன்னொன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் இருட்டில் பாத்ரூம் போக எழுந்த அத்தைக்குக் காலில் ஒயர் மாட்டிவிட்டது. நல்ல வேளை, கட்டிலைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆவது? படமாவது, பாட்டாவது! அன்றே ஒயரையெல்லாம் சுவரோரம் ஒதுக்கி ஆணியடித்தோம். கதவருகே தரையோரமாகச் சின்ன நைட் லாம்ப் ஒன்று, படச்சுவரில் வெளிச்சம் விழாதபடி. வயசானவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்துவிட்டுத்தான் படம் போட வேண்டும்.

போன ஞாயிறு மோகனாம்பாளை மறுபடி போட்டோம். அத்தை கால் நீட்டி உட்கார்ந்து, நாதஸ்வரத்துக்குத் தொடையில் தாளம் போட்டார். பாதிப் படத்தில் திரும்பி, "ஏம்மா, இடைவேளை விடமாட்டீங்களா?" என்றார்.

விட்டோம். முறுக்கும் டீயும் கொடுத்தேன். சீட்டுப் பணத்தைப் பற்றி என் கணவர் அப்புறம் வாயே திறக்கவில்லை!

உங்கள் வீட்டிலும் செய்து பார்த்துவிட்டு எழுதுங்களேன்.