பூனையின் ஆராய்ச்சி மணி

“பூனைக்கு யார் மணி கட்டுவது?” என்ற வினா நம்மவர் வழக்கில் ஊறிப்போனதொன்று. எலிகள் கூடிச் சபை வைத்தன. பூனையின் கழுத்தில் மணியொன்றைக் கட்டிவிட்டால் அதன் வரவை முன்னரே அறிந்து தப்பலாமெனத் தீர்மானம் நிறைவேற்றின. கட்டுவதற்குத்தான் ஒருவரும் முன்வரவில்லை. இக்கதையைப் பாலர் வகுப்பிலேயே நாமெல்லோரும் படித்துவிட்டோம். இவ்வாரம் நான் சொல்லப்போவது அதற்கு மறுதலையானதொரு செய்தி. வெளியே நிற்கும் வீட்டுப் பூனை, “நான் வந்திருக்கிறேன், கதவைத் திறவுங்கள்” என்று உள்ளே இருப்போர்க்கு அறிவிக்கும் பொருட்டு, அது தானே அடிக்கக்கூடிய மணியொன்றை அமைத்துக் கொடுப்பது பற்றியது அச்செய்தி. இத்தகைய அற்ப விஷயத்தில் ஓர் உபாத்தியாயர் மினக்கெடுவானேன் என்று கேட்கும் அன்பர்களுக்காக, அதற்குரிய காரணத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து இரவு அது. வாடைக்காற்று மழையை வாரி யன்னற் கதவுகளில் இறைத்துக்கொண்டிருந்தது. மேசையிற் குவிந்து கிடந்த தவணைப் பரீட்சை விடைத்தாள்களை நான் திருத்திக்கொண்டிருந்தேன். மணி பதினொன்றிருக்கும், விறாந்தைக் கதவுக்கு வெளியே எங்கள் வீட்டுப் பூனை கத்தத் தொடங்கியது. அது கத்துவது புதிதன்று. பால் வேண்டுமென்றாலும் கத்தும். உள்ளே வந்த மறுகணமே வெளியே போகவேண்டுமென்றாலும் கத்தும். அடுத்த அறையிற் படுத்திருந்த என் தாயார், “தம்பி, பூனை கத்துது, ஒருக்கா எழும்பிப் பாரன்” என்றார். “அது சும்மா கத்துதம்மா, நீங்கள் படுங்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தேன். சிறிது நேரத்திற் கத்தல் ஓய்ந்தது. ஓய்ந்தது நல்லதென்றே எண்ணினேன்.

விடியற்காலையிற் கதவைத் திறந்தபோது, வாசற்படியில், நனைந்த கால்மிதியின்மேல், சிறு குட்டியொன்று அசைவற்றுக் கிடந்தது. பூனை முதல்நாட் பகல் விறகுக் கொட்டிலில் மூன்று குட்டிகளை ஈன்றிருந்ததை நாங்கள் எவரும் அறிந்திலோம். கொட்டிலுக்குள் வெள்ளம் ஏறவே, அது தன் குட்டியொன்றை வாயிற் கவ்விக்கொண்டு வீட்டு வாயிலுக்கு வந்திருக்கிறது. கதவு திறக்கப்படவில்லை. ஏனைய இரண்டையும் அயல்வீட்டு மாட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. எங்களை நம்பி எங்கள் படிக்குக் கொண்டுவந்த குட்டி மட்டும் குளிரில் விறைத்து இறந்தது.

என் மகள் அதனை முருங்கை மரத்தடியிற் புதைத்துவிட்டு வந்து, “அப்பா, ராத்திரிப் பூனை கத்தினது உங்களுக்குக் கேக்கேல்லையோ?” என்று கேட்டாள்.

“கேட்டது” என்றேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று மாலையே, உயர்தர வகுப்பிற் பௌதிகம் படிக்கும் என் மகன், கதவின் அடியில் ஒரு துவாரம் வெட்டிவிட்டால் என்ன என்றான். இந்த யோசனை மிகப் பழமையானது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் சோசர் தம் கதையொன்றிலே, பூனை நுழைந்து செல்வதற்கெனப் பலகையின் அடியிலிருந்த துவாரத்தைக் குறிப்பிடுகிறார். இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரத்துப் பேராலயத்தில், பழைய வானியற் கடிகாரத்தின் கீழுள்ள கதவிலே வட்டமான துவாரமொன்று இன்றும் இருக்கிறது. வில்லியம் கொற்றன் என்ற ஆயரின் காலத்தில், 1598ஆம் ஆண்டு, பூனைக்காக அதனை வெட்டிய தச்சர்களுக்குக் கூலி கொடுத்த கணக்கு உண்டு. அதற்கும் முன்னரே, 1305 முதல் 1467 வரையான அவ்வாலயக் கணக்கேடுகளில், எலிபிடிக்கும் பூனைக்கென மூன்று மாதத்துக்கு 13 பென்ஸ் செலவெழுதப்பட்டிருக்கிறது. சம்பளம் பெற்ற பூனை என்றே அதனைச் சொல்லலாம்! ஐசாக் நியூற்றன் தம் பூனைக்கொரு பெரிய துவாரமும் குட்டிக்கொரு சிறிய துவாரமும் வெட்டினார் என்ற வேடிக்கைக் கதையும் உண்டு. ஆனால், அவருடன் இருந்து பணிபுரிந்த உதவியாளரோ, அவர் தம் அறையில் நாயோ பூனையோ வைத்திருந்ததில்லை என எழுதி வைத்திருக்கிறார். பெரியோரின் பெயரால் வழங்கும் கதைகளை ஆராயாது நம்பலாகாது என்பதற்கு மாணவர்கள் இதனை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம்.

குளிர் தேசத்திலே கதவு எந்நேரமும் சாத்தியிருக்கும். ஆகவே அங்கே துவாரம் பொருத்தமானது. எங்கள் வளவிலோ நிலைமை வேறு. பூனை நுழையும் துவாரத்தால் பாம்பும் நுழையும். மரநாயும் பெருச்சாளியும் நுழையும். துவாரத்துக்கு ஆளறியும் அறிவில்லை. என் தாயார் இதனைக் கேட்டதும், “பாம்புக்கும் சேர்த்து வாசல் வைக்கப் போறியளோ?” என்று ஒரே வார்த்தையில் அந்த யோசனையை முடித்து வைத்தார்.

ஆளறியும் துவாரங்களும் இன்று உண்டு என்பதை மகன் எடுத்துக் காட்டினான். ஓர் அரிசிமணி அளவினதான நுண்சில்லைப் பூனையின் தோலின் கீழே மிருக வைத்தியர் ஊசிமூலம் செலுத்திவிடுவார். அதனுள் மின்கலம் எதுவும் இல்லை. கதவிலுள்ள கருவி எழுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியைப் பெற்று, தன்னிடமுள்ள 15 இலக்க எண்ணைத் திருப்பி அறிவிக்கும். எண் பொருந்தினாற் சிறு கதவின் தாழ் திறக்கும். அயற் பூனை வந்தால் திறவாது. இங்கிலாந்தில் வளர்ப்புப் பூனைகளுக்கு இந்நுண்சில்லைப் பொருத்துதல் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதற் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. வியத்தகு சாதனமே, ஆயினும் அதன் விலை ஓர் உபாத்தியாயரின் கைக்கு எட்டுவதன்று.

எனவே மணியைப் பற்றிச் சிந்திக்கலானோம். துவாரம் தானே வழிவிடும். மணியோ நம்மை எழுப்பிக் கேட்கும். திறப்பதா, விடுவதா என்ற பொறுப்பு நம்மிடமே தங்கும். பூனை மணியடிக்குமா என்ற ஐயம் எழலாம். இதற்கு விடை காண நூறாண்டுகளுக்கு முற்பட்ட பரிசோதனையொன்று உதவுகிறது. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தோண்டைக் என்பார், பசித்த பூனையை மரச்சட்டப் பெட்டியொன்றில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். உள்ளே தொங்கும் கயிற்று வளையத்தை இழுத்தாலோ, ஒரு மிதிகட்டையை அமுக்கினாலோ கதவு திறக்கும். பூனை முதலில் எங்கெங்கோ பிறாண்டும், கடிக்கும். தற்செயலாக ஒருமுறை கதவு திறக்கும். மறுமுறை சற்று விரைவில் திறக்கும். முதன்முறை 160 விநாடி எடுத்துக்கொண்ட பூனையொன்று இருபத்து நான்காம் முறை 7 விநாடியில் வெளிவந்தது. நன்மை பயந்த செயல் நிலைபெறும், பயனற்ற செயல் மறையும் என 1898இல் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்ததே கற்றலின் “விளைவு விதி” என்பது.

நாங்கள் செய்த முதற் கருவி மிக எளியது. யன்னற் கம்பியில் ஒரு சிறு வெண்கல மணியைக் கட்டி, அதிலிருந்து கயிறொன்றைப் பூனையின் முகமட்டத்துக்குத் தொங்கவிட்டோம். கயிற்று நுனியில் நெத்தலிக் கருவாட்டின் மணம் தடவப்பட்டது. எங்களுடையது மரக்கறி உணவு வீடு. கருவாடு அயல்வீட்டு அன்பளிப்பு. பூனையை மரக்கறியில் மட்டும் வளர்த்தல் இயலாது; அதன் கண்ணுக்கும் இருதயத்துக்கும் இன்றியமையாத தோரின் என்னும் பொருளை அது மாமிச உணவிலிருந்தே பெறவேண்டியிருக்கிறது. பூனை கயிற்றை முகர்ந்து கையால் தட்டியது, மணி ஒலித்தது, அக்கணமே கதவைத் திறந்தோம். இதிலே காலதாமதம் கூடாது. பூனை அடித்து நெடுநேரஞ் சென்றபின் திறந்தால், எதனாற் கதவு திறந்தது என்பது அதற்கு விளங்காது. இரண்டு வாரத்துக்குள் எங்கள் பூனை மணியடிக்கக் கற்றுக்கொண்டது. அதனோடு போட்டியாகக் காற்றும் மணியடித்தது என்பதுதான் துன்பம்! நள்ளிரவில் எழுந்து வாயிலைத் திறந்தால் அங்கே வாடைக்காற்று மட்டுமே நிற்கும்.

ஆகவே மகன் இரண்டாவது கருவியைச் செய்தான். மாணவர்கள் விரும்பினால் இதனைச் செய்து பார்க்கலாம். பிசுக்கோத்துப் பேணியில் வெட்டிய இரண்டு தகரத் தட்டுகள். அவற்றின் இடையே, நடுவில் ஓட்டைகள் வெட்டப்பட்ட மெல்லிய பஞ்சுறப்பர்த் துண்டு. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு கம்பி. இரண்டு உலர்மின்கலங்களும் ஒரு சிறு மின்மணியும் கொண்ட மின்சுற்றிலே இத்தட்டுகள் ஆளியாக நிற்கின்றன. மேலே பாரம் ஏறும்போது பஞ்சுறப்பர் அமுங்கும், ஓட்டைகளினூடாகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும், சுற்று மூடும், மணி ஒலிக்கும். பூனை இறங்கியதும் பஞ்சுறப்பர் நிமிர்ந்து சுற்றைத் திறந்துவிடும். காகத்தின் பாரத்துக்கு அமுங்காமலும், மூன்று நான்கு கிலோ நிறையுள்ள பூனைக்கு அமுங்கியும் கொடுக்குமாறு பஞ்சுறப்பரின் தடிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மழைநீர் புகுந்தாற் சுற்று தானே மூடிவிடும். ஆதலால் முழுவதையும் பொலித்தீன் உறையிலிட்டு ஒட்டினோம். நாய் ஏறாதவாறு யன்னற் படியின்மேல் வைத்தோம். தகரத் தகட்டின் கூர்விளிம்புகளை மடித்துவிட மறக்கலாகாது. கம்பியில்லா அழைப்பு மணிகளும், வாயிலில் அசைவைக் கண்டால் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் கமராக்களும் கடைகளில் உண்டு. தத்துவம் எல்லாவற்றிலும் ஒன்றே.

இனி ஒரு கேள்வி. பூனைக்குத்தான் குரல் இருக்கிறதே, மணி எதற்கு? வளர்ந்த பூனைகள் தமக்குள்ளே ‘மியாவ்’ என்று கத்திக்கொள்வது அரிது. குட்டிகள் தாயை நோக்கி எழுப்பும் அக்குரலை, வளர்ந்த பின்னரும் அவை மனிதரை நோக்கியே பெரிதும் பயன்படுத்துகின்றன. 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக் கரென் மக்கோம்பும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்று இன்னும் வியப்பானது. பூனை உணவு வேண்டி எழுப்பும் குறுகுறு ஓசையினுள்ளே, கைக்குழந்தையின் அழுகையை ஒத்த உயர்சுருதிக் குரலொன்று கலந்திருக்கிறது. பூனை வளர்த்தறியாதவர்களுக்குக்கூட அது அவசர அழைப்பாகவே தோன்றிற்று என்று அவர்கள் கண்டார்கள். அவ்வளவு தூரம் நம் செவிக்கென்றே அமைந்த குரலை நாம் ஏன் பொருட்படுத்துவதில்லை?

குற்றம் பூனையிடம் இல்லை. ஒருநாள் கத்தியதும் திறக்கிறோம். மறுநாள் அரைமணி நேரம் கத்தியபின் திறக்கிறோம். மூன்றாம் நாள் திறப்பதேயில்லை. இவ்வாறு இடையிடையே மாத்திரம் பயன்தரும் செயலை விலங்குகள் எளிதில் விடுவதில்லை என்பதை ஸ்கின்னர் முதலிய உளவியலறிஞர்கள் 20ஆம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்து காட்டினர். ஓயாது கத்தும்படி பூனையைப் பழக்கியவர்கள் நாங்களே. ஓயாது கத்துகிறது என்பதனால் அதன் குரலுக்குச் செவிகொடாது விட்டவர்களும் நாங்களே.

விலங்கொன்று மணியடித்து மனிதரை அழைத்த கதை நமக்குப் புதியதன்று. திருவாரூரில் மனுநீதி கண்ட சோழனுடைய ஆராய்ச்சி மணியைப் பசு அடித்ததென்று பெரியபுராணம் கூறும். அதே வரலாற்றை, அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசாண்ட எல்லாள மன்னன்மேல் ஏற்றி மகாவம்சம் கூறும். அவன் படுக்கையின் தலைமாட்டிலே மணி தொங்கியது; நீதி வேண்டுவோர் இழுப்பதற்காக அதன் கயிறு வெளியே நீண்டிருந்தது. தேர்க்காலிற் கன்றைப் பறிகொடுத்த பசு வந்து அதனை இழுத்தது. குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவையும் வந்து இழுத்தது. இக்கதையைப் பல ஆண்டுகளாக வகுப்பிற் படிப்பித்து வந்திருக்கிறேன். மன்னன் மகனுக்கு விதித்த தண்டனையைப் பற்றியே மாணவரிடம் வினாக் கேட்பது என் வழக்கம். மணியை அவன் தன் தலைமாட்டிலே கட்டினான் என்ற சிறு செய்தியின் பொருள், குட்டி இறந்த அந்தக் காலைக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று. தூக்கத்தைக் கெடுக்கும் இடத்திலேதான் அவன் அதனைக் கட்டினான். உறங்குபவனுக்குச் சாக்குப்போக்குச் சொல்ல இடமில்லாமற் செய்துகொண்டான்.

எங்கள் மின்மணியும் இப்போது என் மேசையின் மேலேயே இருக்கிறது. அது ஒலித்தால் நான் எழுந்தாக வேண்டும் என்பது வீட்டில் ஏற்பட்ட விதி. எத்தனையோ இரவுகளில் எழுந்திருக்கிறேன். பெரும்பாலும் பூனை உள்ளே வந்து, ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மீண்டும் வெளியே போகத்தான் கேட்கும். அதனாற் குறைவு ஒன்றும் இல்லை. விடைத்தாள்கள் எங்கும் ஓடிப்போவதில்லை.

சென்ற மாதம் என் மகள் தகரமும் பஞ்சுறப்பரும் எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு கருவி செய்யக் கண்டேன். “இன்னொரு பூனை வருகுதோ?” என்று கேட்டேன். “இல்லையப்பா, இது அப்பாச்சிக்கு. ராத்திரியிலை கூப்பிட்டால் உங்களுக்குக் கேக்கிறேல்லை எண்டு சொன்னவ” என்றாள். தாயாரின் கட்டிலருகே, கைக்கு எட்டும் இடத்தில், அது வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மணியும் என் மேசைமேலேயே இருக்கிறது.