‘பிளாஸ்ரிக் சாமான்’ என்று எழுதிவிட்டாற் போதுமா?

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது. எண்ணெய் எரியும் என்பதை எவரும் அறிவர். அதனாற்றான் இன்றுள்ள 99 தாங்கிகளையும் காட்டிடையே ஒன்றுக்கொன்று விலக்கிக் கட்டினான் வெள்ளையன். அந்த எண்ணெயின் வயிற்றிற் பிறந்த பொலித்தீனுக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை இல்லை? கூரை முட்ட அடுக்கி, ஏட்டில் ‘பிளாஸ்ரிக் சாமான்’ என ஒரே சொல்லில் எழுதிப் பூட்டிவிட்டாற் பாதுகாப்பு வந்துவிடுமா?

எந்தப் பிளாஸ்ரிக் என்பதன்றோ கேள்வி! அமெரிக்கரின் என்.எவ்.பி.ஏ. 13 என்னும் தீத்தடுப்பு விதி இப்பொருள்களை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. நெல் கட்டும் பொலிச்சாக்கு, தண்ணீர்ப் போத்தல், ரெஜிபோம் பெட்டி ஆகியன கொடிய முதற்றொகுதி. மீனவரின் நைலோன் வலை இரண்டாவது. வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் விறைத்த பிவிசி குழாய் மூன்றாவது. அது எளிதிற் பற்றாது, பற்றினாலோ நஞ்சுப் புகை கக்கும். ஒரே எடையுள்ள மரத்தைவிடப் பொலித்தீன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பந் தரும். உருகி, எரியும் குளமாய் ஓடும். நுரைத்ததா, நுரைக்காததா? அட்டைப் பெட்டிக்குள்ளா, வெளியிலா? ஐந்தடிக்கு மேல் அடுக்கப்பட்டதா? இவ்வளவும் தெரிந்த பின்னரே எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிட முடியும்.

வகைப்படுத்தாமையின் விலையை இந்நாடு அறியாததன்று. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த 25 தொன் நைத்திரிக் அமிலம் ஆபத்துப் பட்டியலில் இருந்தது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளோ சாதாரணச் சரக்கு! அவை கரையெங்கும் குவிந்தன. மீனவர் தொழில் இழந்தனர். நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2025 யூலை ஆயிற்று. அம்மணிகளைப் பற்றி உலகக் கடல்சார் அமைப்பு 2024இல் வெளியிட்டதும் வெறும் பரிந்துரையே, கட்டாயமன்று.

சட்டம் படித்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: வகை குறிக்காத பொருளுக்குக் கடமை விதிக்க இயலாது, கடமை இல்லாத இடத்திற் குற்றவாளியும் இல்லை. களஞ்சியத்துக்குத் தீ வைப்பவன் ஒருவன் என்றால், அவனுக்குத் தப்பும் வழியை வகுத்து வைத்திருப்பது அந்த ஒற்றைச் சொல்தான்.

“இதெல்லாம் முதலீட்டுக்கு இடைஞ்சல்” என்பர் சிலர். காப்புறுதிக் கம்பனி தன் பணத்துக்காகக் கேட்கும் கேள்வியை, அரசு தன் மக்களுக்காகக் கேட்கலாகாதா? எண்ணெய்த் தாங்கிகளைப் புதுக்க 2022 சனவரியில் ஒப்பந்தமாயிற்று; துறைமுகத்தைச் சூழத் தொழிற்பேட்டைக் கனவுகளுக்கும் குறைவில்லை. அவற்றின் பின்னே களஞ்சியங்களும் எழும். அவை எழுமுன்னரே துறைமுக அதிகாரசபையும் உள்ளூராட்சி மன்றமும் விதி செய்க! ஒவ்வொரு களஞ்சிய வாயிலிலும் பொருளின் தொகுதி, வடிவம், அடுக்கின் உயரம் மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படுக! அந்த ஏட்டின் பிரதியொன்று தீயணைப்புப் படையினர் கையிலும் இருக்கட்டும். நள்ளிரவிற் கதவை உடைத்து முதலில் உள்ளே போகிறவர்கள் அவர்கள்தாம்.