மணலுக்கு முன் எஞ்சின் பெரிதல்ல

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் வண்டி எங்கும் போகும் என்றொரு நம்பிக்கை நம் இளைஞரிடையே பரவியிருக்கிறது. விளம்பரப் படங்களும் இதற்குத் தூபம் போடுகின்றன. அவற்றில் வண்டி மணலை வாரி இறைத்துக்கொண்டு பாய்கிறது. பார்க்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது விஞ்ஞானம் அன்று. மணலில் வண்டியைக் காப்பது எஞ்சினின் வலிமையன்று. மணல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அறிந்து, அதற்கு அடங்கி ஓட்டும் அறிவே என்பது என் கருத்து.

புதுக்கோட்டை மாவட்ட மாணவர்களுக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் அன்று. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் எனக் கடலோர ஊர்கள் பல இங்கு உள்ளன. உள்நாட்டில், ஆண்டின் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும் வெள்ளாறு இருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியதை அறிவீர்கள். அத்தகைய நாளில் உதவிக்கு வரும் வண்டியே மணலில் புதைந்துவிட்டால் யாருக்கு யார் உதவுவது?

அழுத்தம் என்பது ஒரு பரப்பின் மேல் செயல்படும் விசையை அப்பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று படித்திருக்கிறீர்கள். நம் உழவர்கள் இதைச் சூத்திரமின்றியே கண்டவர்கள். இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டிச் சக்கரம் ஆற்று மணலைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு இறங்கும். டயர் வண்டியோ அதே பாரத்துடன், அதே மாடுகளுடன் எளிதாகச் செல்லும். டயர் தரையில் அகலமாகப் படிவதே இதற்கு முக்கிய காரணம்.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டியின் எடை 2,000 கிலோகிராம் என்றால், ஒரு சக்கரத்தின் பங்கு 500. பஞ்சர் கடைக்காரர் சொல்லும் 35 பவுண்டு காற்று, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோகிராம் அழுத்தம் ஆகும். எனவே டயர் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரையைத் தொடும். காற்றை 18 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு ஏறக்குறைய இருமடங்காகும். டயரின் விறைப்பால் விடை சிறிது மாறலாம். ஆனால் மணலின் மேல் விழும் அழுத்தம் பெரிதும் குறைகிறது என்பதில் ஐயமில்லை.

ரால்ஃப் பாக்னால்டு என்னும் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி இதை மெய்ப்பித்தார். அவர் 1929-க்கும் 1932-க்கும் இடையில் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் ஃபோர்டு கார்களில் நெடும்பயணங்கள் செய்தார். அக்கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே விசை சென்றது! டயரின் காற்றைக் குறைத்தும், சக்கரம் புதைந்தால் அதன் அடியில் எஃகுத் தகடுகளை இட்டும் அவர் மணற்கடலைக் கடந்தார். மணலை ஆராய்ந்து 1941-இல் ஒரு நூலும் எழுதினார். நான்கு சக்கர விசை இல்லாதவர் மணலை வென்றார். அது உள்ளவர் இன்று கரையிலேயே சிக்கிக்கொள்கிறார். இருவருக்கும் உள்ள வேறுபாடு அறிவன்றி வேறென்ன?

நான்கு சக்கர விசை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இழுக்கும் வேலையை அது நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. ஆனால் தாங்கும் சக்தியை மணலுக்கு அதனால் கொடுக்க முடியாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கினால் அது ஒரு மண்வெட்டிதான். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும்; அச்சு மணலில் உட்கார்ந்துவிடும்.

இதிலிருந்தே விதிகள் பிறக்கின்றன. மணலில் இறங்குமுன் காற்றைக் குறைக்க வேண்டும். தாழ்ந்த கியரில், சீரான வேகத்தில் செல்ல வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் சக்கரத்தின் முன் மணல் குவியும்; ஆகவே வண்டியைத் தானாக ஓய்ந்து நிற்க விட வேண்டும். சட்டென்று திருப்பினால், காற்று குறைந்த டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். மணல்மேட்டின் சரிவில் குறுக்காகச் சென்றால் வண்டி உருளும். சிக்கிக்கொண்டால் மணலை வெட்டி அகற்றி, வந்த தடத்திலேயே பின்வாங்க வேண்டும். கயிறு கட்டி இழுக்கும்போது அருகில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு உயிரைப் பறிக்கும். சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று நிரப்ப வேண்டும். இல்லையேல் டயர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடிக்கும்.

இடமறிதலும் வேண்டும். ஈர மணல் கெட்டியாக இருக்கும்; காய்ந்த மணலும் நீர் ததும்பும் மணலும் வழிவிடும். பாக் நீரிணைக் கரையில் பல இடங்களில் மேலே மணலும் கீழே சேறுமாக இருக்கும். தனுஷ்கோடியைப் பாருங்கள். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் வரையில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பயணிகளை வேன்கள் மணல் வழியே ஏற்றிச் சென்றன. வழியறிந்த ஓட்டுநர்களை நம்பித்தான் மக்கள் அவற்றில் ஏறினார்கள்.

“அப்படியானால் கடற்கரையில் ஓட்டிப் பழகலாமே?” என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது என்பேன். தமிழகக் கடற்கரைகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. சக்கரத் தடத்தில் விழுந்த ஆமைக்குஞ்சு கடலை அடையாது. அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் வேரால் பிடித்து வைத்திருக்கும் மணல்மேடுகளே புயல் அலைக்கு முதல் தடுப்பு. பொழுதுபோக்குக்காக அவற்றை உழுதுவிட்டு, பின் புயலை நொந்து என்ன பயன்? மணலில் வண்டி செல்வது தேவைக்காக இருக்கட்டும், வேடிக்கைக்காக வேண்டாம்.

கடலோர மாவட்டங்களில் மீட்புப் பணிக்குச் செல்லும் ஒவ்வொரு வண்டியிலும் காற்றை அளக்கும் கேஜ், காற்றடிக்கும் பம்பு, மண்வெட்டி, இரண்டு பலகைகள் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். அங்குள்ள ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் இவற்றின் பயனையும் கற்பிக்க வேண்டும். மாணவர்களே, காரோட்ட உங்களுக்கு 18 வயது நிறைய வேண்டும். அழுத்தத்தின் பாடத்தையோ இன்றே பயின்றுவிடலாம். ஒரு செங்கல்லை மணலில் முதலில் படுக்க வைத்தும், பிறகு நிற்க வைத்தும் அழுத்திப் பாருங்கள். எது ஆழமாக இறங்குகிறது என்பதை மணலே உங்களுக்குச் சொல்லும்.